அம்மா கண் மூடாத படம்

அம்மா, நான் முதலில் கவனித்தது உன் கண்களைத்தான். ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கும் ஷெட்டில், ஆயுத பூஜை அன்று எடுத்த குரூப் போட்டோவில் உன் கண்கள் திறந்திருந்தன. நம்மிடம் இருக்கும் வேறு எந்தப் படத்திலும் அப்படி இல்லை. ரேஷன் கார்டில் பாதி மூடியிருக்கும். என் காது குத்து படத்தில் நீ என்னை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவதுபோல இருப்பாய். யாராவது "ரெடி" என்று சொன்னால் போதும், வெளிச்சம் வருவதற்கு முன்பே கண்ணை இறுக்கிக்கொள்வாய். அன்று அந்த ஷெட்டில் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கேன்டீன் பெண்கள் வரிசையின் ஓரத்தில், கையில் சுண்டல் கரண்டியோடு, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, கேமராவை விட்டுவிட்டுப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைத்தான் பார்க்கிறாய் என்று நினைத்து சந்தோஷப்பட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. நான் நின்றது இடது பக்கம். நீ பார்த்தது வலது பக்கம். அங்கே, மாலை போட்ட பஸ்ஸின் படியில் ஒரு டிரைவர் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

அந்த டிரைவரோடு உனக்கு நடந்த கல்யாணத்தின் ஆல்பத்தைத்தான் இப்போது அடுக்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஸ்டூடியோ ஆல்பங்களில் முதல் பக்கம் பெண்ணைப் பெற்றவர்களுக்கு. அவர்கள் மகளுக்கு எழுதும் கடிதத்தை அங்கே அச்சடிப்போம். மாரியக்கா கொண்டுவந்த வழக்கம் அது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து போன் கம்பெனி வேலைக்கு வந்து, ஹாஸ்டல் பெண்களைப் படமெடுத்துப் பழகி, பிறகு சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை போட்டவள் அக்கா. ஊரை விட்டு வந்த பெண்களுக்கு அந்தப் பக்கம்தான் ஆல்பத்திலேயே முக்கியம் என்பாள். எழுத வராத பெற்றோர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒரு அப்பா, "சாப்பாடு மட்டும் நேரத்துக்குச் சாப்பிடும்மா" என்று சொன்னவர், எழுந்து போய் வெகுநேரம் டீக்கடையில் நின்றார். உனக்கு அப்பா அம்மா இல்லை. இருக்கிற ஒரு அண்ணனும் வரவில்லை. முதல் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று அக்காவைக் கேட்டேன். "எதுக்கு எடுக்கணும்? நீ எழுது பிள்ள. பேசத்தான் வாய் வராது, எழுதக் கை இருக்குல்லா" என்றாள். அதனால் உன்னைப் பெற்றவர்கள் இடத்தில் நான் எழுதுகிறேன். மாமியாரை அம்மாவாக நினை என்றெல்லாம் எனக்கு எழுத வராது. ஆனால் அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு ஒன்று தோன்றும். மகளைக் கூட்டிக்கொண்டு போகிறவன்மேல் அவர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் பொறாமை இருக்கிறது, அதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இருப்பது கொஞ்சம் இல்லை. நான் எழுதிவிடுகிறேன். ஆல்பம் வீட்டுக்கு வந்தால் அவரும் படிப்பார். படிக்கட்டும்.

ஷிப்ட் முடிந்து பஸ் சுங்குவார்சத்திரத்துக்குள் நுழையும்போது நீ எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாய். நான் டீக்கு வைப்பேன். அது பொங்கி வரும் நேரம் நீ வாசலில் செருப்பைக் கழற்றுவாய். அப்பா போனபிறகு நம் இருவருக்கும் கடிகாரம் அதுதான். ஆயுத பூஜைக்குப் பிறகு டீ பொங்கி, அடங்கி, ஆடை கட்டி, ஆறிப்போக ஆரம்பித்தது. "இன்னாம்மா லேட்டு?" என்றால், "டிராபிக்ல மாட்டிக்கிச்சுடி பஸ்ஸு" என்பாய். டிராபிக்கில் மாட்டினால் மிஸ்டு காலும் தாமதமாகத்தானே வர வேண்டும். ஒருநாள் கால் வந்ததும் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் இறங்கிவிட்டிருந்தார்கள். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் நீ மட்டும். நீங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள், வேறு ஒன்றுமில்லை. ஆனால் நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். வீட்டில் நீ அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்தால் உனக்குக் கால் வலி. தைலத்தை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்தால், பாதி தேய்ப்பதற்குள் தூங்கிவிடுவாய். அதனால் பெரியவர்கள் சொல்வதுபோல உனக்கு ஒரு புத்திமதி சொல்கிறேன். எல்லாப் பேச்சையும் பஸ்ஸிலேயே பேசித் தீர்த்துவிடாதே. வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டு வா.

அவர் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். பெயர் ஏழுமலை என்று நீ அதற்கு முன்பே சொல்லியிருந்தாய், ஏதோ ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று சொல்வதுபோல. கையில் பஜ்ஜிப் பொட்டலம். "வாழக்கா மட்டும்தான் வாங்கியாந்தேன் பாப்பா. கத்திரிக்கா உனக்கு ஆவாதாமே" என்றார். எனக்குக் கத்திரிக்காய் ஆகாது என்பதை நீ ஏன் அவரிடம் சொன்னாய்? பஸ்ஸின் முதல் சீட்டில் உட்கார்ந்து என் கத்திரிக்காயைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினீர்கள்? நான் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். "அது யார்கிட்டயும் பேசாது" என்று நீ சமாளித்தாய். "பரவால்ல. என் பஸ்ஸுல அம்பது பேரு பேசிகினே வராங்க. ஒருத்தராவது பேசாம இருக்கணும்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் எதிரில் சிரிக்கக் கூடாது என்று குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன்.

கத்திரிக்காயைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்து விஷயத்தை நீ சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொரோனாவில் பள்ளி மூடியது, பிறகு திறந்தபோது நான் போகவில்லை என்பதுதான் ஊருக்கு நாம் சொன்ன கதை. வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது, எல்லோரும் திரும்பிப் பார்க்கப் பார்க்கப் புத்தகத்தில் எழுத்து நடுங்கும், அதற்குப் பயந்துதான் போகவில்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நீ என்னைத் திட்டவில்லை. "பேசாத வேலையும் உலகத்துல கீதுடி" என்று சொல்லி, நீயே மாரியக்காவிடம் கொண்டுபோய் விட்டாய். ஒருநாள் அவர் என்னிடம், "வாசிக்கச் சொன்னா எனக்கும் கால் நடுங்கும் பாப்பா. அதான் ஸ்கூல வுட்டுட்டு வண்டிக்கு வந்துட்டேன்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம். ஆறுதல் சொல்ல அவருக்கு நீ இடம் கொடுத்திருக்கிறாய். அது என்னிடம் இருந்து எடுத்துக் கொடுத்த இடம். இனிமேல் என்னைப் பற்றி அவரிடம் ஏதாவது சொல்வதானால் முதலில் என்னைக் கேள். இது புத்திமதி இல்லை, கண்டிப்பு.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மாமாவுக்குப் போன் செய்தாய். சமையலறையில் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "பொண்ணக் கட்டிக் குடுக்கற நேரத்துல உனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? நான் வந்து எங்க நிக்கறது?" என்றார் மாமா. நீ போனை அரிசி டப்பாவின்மேல் வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவின அரிசியை மறுபடி கழுவினாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாய். "அவங்க பக்கத்துல அட்சதை போட அத்தனை பேரு வராங்க. எனக்குன்னு யாரு கீறா? நீ போடறியா? நீ மொதல்ல போட்டுட்டா எனக்குப் போதும். நீ போடலன்னா..." மீதியைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்தது. நான் அரிசியைப் போட்டால் சரி என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். போடாவிட்டால், நீ தாலி கட்டிக்கொண்டாலும் அது உனக்கு முழுக் கல்யாணமாக இருக்காது. "நான் லைட்டு பிடிக்கணும்மா" என்றேன். நீ அரிசியை உலையில் போட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்று நீ தூங்கும்போது வழக்கம்போல என் பின்னல் நுனியைப் பிடித்துக்கொண்டாய். நான் மெதுவாக இழுத்துக்கொண்டேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. குடை பிடிக்கிற வேலை என்று கேன்டீனில் சொல்லி வைத்திருக்கிறாய். லைட்டுக்குமேல் வெள்ளைக் குடை விரித்திருப்பதால் அப்படித் தெரிகிறது. உன் கல்யாணத்தில் நடந்தது உனக்குப் புரிய வேண்டும் என்றால் அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அட்சதை விழும் படத்துக்கு மாரியக்கா ஒன்று ஆசைப்பட்டாள். "அரிசி அரிசியா அந்தரத்துல நிக்கணும் பிள்ள. கோடு கோடா இழுத்துச்சுன்னா மழை பெஞ்ச மாதிரில்லா இருக்கும்" என்றாள். அரிசி அந்தரத்தில் நிற்க வேண்டுமானால் கேமரா மிக வேகமாகத் திறந்து மூட வேண்டும். அங்கேதான் சிக்கல். உங்கள் கேன்டீன் ஜன்னலை நினைத்துக்கொள். அதற்கு இரண்டு தட்டி. ஒன்று விலகித் திறக்கும், இன்னொன்று அதன் பின்னாலேயே வந்து மூடும். நிதானமாகச் செய்தால் நடுவில் ஒரு நேரம் ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும். லைட் அப்போது மின்னினால் எல்லோர்மேலும் வெளிச்சம் விழும். வேகம் கூடினால் முதல் தட்டி போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடுக்கு மட்டும் ஓடும். லைட் மின்னும்போது அந்த இடுக்கில் இருப்பவர்களுக்கு வெளிச்சம், மற்றவர்களுக்கு இல்லை. படத்தில் அந்த இடம் இருட்டுப் பட்டையாக விழும். புது லைட்டுகளில் இதற்கு வழி இருக்கிறது. எங்களுடையது பழைய லைட். அது கொஞ்சம் நீளமாக எரிந்து அணையும் என்பதால் இருட்டு ஓர் ஓரத்தோடு நின்றுவிடும், ஆனால் அந்த ஓரத்தை ஒழிக்க முடியாது.

கேமராவின் தலையில் ஒரு சின்னப் பெட்டி, லைட்டின் காலில் ஒரு சின்னப் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் கம்பி கிடையாது. கேமராவின் பெட்டியில் ஓர் எண் இருக்கிறது. ஏற்றினால் லைட் ஒரு துளி முந்தி மின்னும், இறக்கினால் ஒரு துளி பிந்தி. அப்படி மாற்ற மாற்ற, படத்தில் இருட்டுப் பட்டை ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்குப் போகும். அக்கா கேமராவை நெடுக்காகத் திருப்பிப் பிடித்து எடுப்பவள், அதனால் பட்டை வலமோ இடமோ பக்கவாட்டில் விழும். அதை யாரும் நிற்காத பக்கமாகத் தள்ளிவிடுவதுதான் என் வேலை. இவ்வளவுதான். குடை தானாகவே நிற்கும்.

மணிமங்கலம் போகும் வழியில் அவர் ஊர்ப் பிள்ளையார் கோயில், அதன் முன்னால் தகரப் பந்தல். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது, முகத்தில் நிழல். அவர் பக்கத்து ஆட்கள் முப்பது நாற்பது பேர் பந்தலுக்கு வெளியே நின்றார்கள். உன் கேன்டீன் பெண்களுக்கு ஷிப்ட் மாற்றித் தரவில்லை. நீ அரக்குப் புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தாய். உனக்கு இடது கைப் பக்கம் அவர். வலது கைப் பக்கம் வெறும் பாய். அக்கா கேமராவை என்னிடம் கொடுத்து, "நம்பர மாத்திப் பாத்து, பட்டையத் தள்ளி வையி. ஐயர்ட்ட எங்க நின்னு எடுக்கலாம்னு கேட்டுட்டு வாரேன்" என்று போனாள். நான் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன்.

பட்டை அவர்மேல் விழுந்திருந்தது. உன் முகம் பளிச்சென்று இருந்தது, நெற்றிப் பொட்டில்கூட வெளிச்சம். அவர் இருந்த இடத்தில் மேகம் வந்ததுபோல ஒரு மங்கல், அதற்குள் ஒரு மீசை. அம்மா, நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் நீ மட்டும்தான் இருந்தாய். பஸ் படி இல்லை, பஜ்ஜி இல்லை, உனக்கு என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. எண்ணை மாற்றாமல் அப்படியே விட்டால் போதும். அரிசி ஒரு தடவைதான் விழும். அக்கா பழைய லைட்டைத் திட்டுவாள், அதோடு முடிந்துவிடும். நான் எண்ணில் கை வைக்கவில்லை. அப்போது அவர் அங்கிருந்து கேட்டார்.

"இன்னா பாப்பா, நான் தெரியறேனா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையை மட்டும் நிமிர்த்தினேன்.

"அவ மூஞ்சியே சொல்லுது, நான் இல்லன்னு" என்றார். அவர் ஆட்கள் சிரித்தார்கள். அவர் அக்கா, "கலரு அப்படிடா உன்னுது. எந்த லைட்டு போட்டு இன்னா பண்ணும்" என்றார். இன்னும் சிரிப்பு. நீ சிரிக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அதன் இடது ஓரத்தில் இருந்ததைக் கவனித்தேன்.

உன் சாப்பாட்டுப் பை. பச்சைக் கலர், காது அறுந்து நான் தைத்துக் கொடுத்தது. கல்யாணப் புடவையோடு அதை ஏன் தூக்கி வந்தாய் என்று நினைத்தேன். உனக்குப் பக்கத்தில் வெறும் பாய்மேல், மணையை ஒட்டி, அதை நிமிர்த்தி வைத்திருந்தாய். தாம்பரம் பஸ்ஸில் நீ முதலில் ஏறினால், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பக்கத்து சீட்டில் அதைத்தான் வைப்பாய். யார் வந்து கேட்டாலும், "ஆள் வருது" என்பாய். கூட்டத்தில் நசுங்கி நான் வந்து சேரும்வரை எத்தனை பேர் முறைத்தாலும் அந்தப் பையை எடுக்க மாட்டாய். உன் கல்யாணத்திலும் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாய். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் எண்ணை மாற்றினேன். பட்டை அவர் முகத்தைவிட்டு நகர்ந்து, ஒரு படத்தில் உன்மேலேயே வந்து நின்றது. இன்னும் மாற்றினேன். உன்னையும் தாண்டி இடது ஓரத்துக்கு, பை இருந்த பக்கத்துக்குப் போய் ஒதுங்கியது. நீயும் அவரும் ஒரே வெளிச்சத்தில் இருந்தீர்கள். அவர் நிஜமாகவே கறுப்புதான், அவர் அக்கா சொன்னது சரி. ஆனால் பல் தெரியச் சிரிக்கிறார். மாரியக்கா வந்து பார்த்தாள். "அந்தப் பக்கம் ஆளே இல்ல. சரியாப் போச்சு" என்றாள். ஆள் வரும் என்று நான் சொல்லவில்லை. லைட் ஸ்டாண்டின் காலில் தண்ணீர் கேனை வைத்து அசையாமல் நிறுத்தினேன்.

இந்த இடத்தில் பெற்றவர்கள் நன்றாக இரு என்று எழுதுவார்கள். எனக்கு இன்னும் அவ்வளவு பெரிய மனசு வரவில்லை. இப்போது மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மிஸ்டு கால் இன்னும் வருகிறது, மூன்று டம்ளர் டீ வைக்கிறேன். அடுத்த அறையில் நீ அவரோடு பேசும் சத்தம் கேட்டால் இப்போதும் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். பின்னலை யாரும் பிடிக்காமல் தூங்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கை ஆட்டிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதே. எனக்குப் பிடிக்காவிட்டாலும் உனக்கு அது நன்றாக இருக்கிறது. ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் இடது ஓரத்தில் இருட்டாக நிற்பது யார் என்று அவர் ஆட்கள் கேட்டால், நீ சொல்லிக்கொள். அந்தப் படம் எப்படி வந்தது என்பதை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். யாரோ வேன் ஸ்பீக்கரில் கெட்டிமேளம் போட்டார்கள். நான் அட்சதைத் தட்டில் கை விட்டேன். அவர் அக்கா தட்டை இழுத்துக்கொண்டு, "பெரியவங்க போடட்டும்மா மொதல்ல" என்றார். நீ தாலிக்காகக் குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "இன்னிக்கி எனக்கு அவதான் பெரியவங்க. குடுங்க" என்றாய். தட்டு திரும்பி வந்தது. நான் கை நிறைய அரிசியை எடுத்துக்கொண்டு வந்து, உன் பையைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நின்றேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். உன் கண்கள் திறந்திருந்தன. எதிரே மாரியக்கா கேமராவைக் கண்ணில் வைத்து, "ரெடி" சொல்ல வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்குள் நான் அரிசியை வீசினேன்.